காவிரித் திமில் மகாசீர்: ஐந்து பருவங்களும் அவற்றின் அபாயங்களும்

காவிரியையும் அதன் உபநதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வசியாத பெருமீன் ஒன்று உண்டு. முதிர்ந்தபின் முதுகு திமில்போல் உயர்வதால் அது திமில் மகாசீர் எனப்படும். அதன் வால் துடுப்பு செம்மஞ்சள் நிறமானது. 1946-ம் ஆண்டில் கபினியில் தூண்டிலில் அகப்பட்ட மகாசீர் ஒன்று 120 ராத்தல் நிறையிருந்தது. 2018-ம் ஆண்டிலோ திமில் மகாசீர் மிகக் கடுமையான அழிவபாயத்திலுள்ள இனமென்று சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று மோயாறு அதன் முக்கியமான புகலிடமாயிருக்கிறது.

இம்மீனைக் காக்க விரும்புவோர் அதன் பருவங்களைப் பிரித்தறிதல் அவசியம். ஏனெனில் பருவத்துக்குப் பருவம் அது வாழும் இடமும் வேறு, அதற்கு நேரும் அபாயமும் வேறு.

1. முட்டை: மகாசீர் இனத்தின் முட்டை நீரில் மிதவாது, அடியிலுள்ள கூழாங்கற்களின் நடுவே தங்கும். ஆற்றில் மணலும் கல்லும் வாரினால் இது நாசமாகும்.

2. பைக்குஞ்சு: முட்டை சுமார் மூன்று நான்கு தினங்களில் பொரியும். குஞ்சு தன் வயிற்றிலுள்ள மஞ்சட்கருப் பையையே ஆகாரமாகக் கொண்டு, சில நாள் கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும். சேறு படிந்தால் மூச்சடைத்து மடியும்.

3. இரைதேடும் குஞ்சு: பை கரைந்ததும் ஓரத்து ஆழமில்லாத நீரில் இரைதேடி விரலளவு வளரும். பொடிமீனென்று கருதிக் கொசுவலையால் வாரப்படுவது இப்பருவத்திலேதான்.

4. இளமீன்: சந்தைக்கு ஏற்ற பருமனிருந்தும் ஒரு முறையேனும் முட்டையிடாதது. இதைப் பிடித்தல் விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

5. தாய்மீன்: மழைக்கால வெள்ளத்தில் முட்டையிட மேலேறிச் செல்வது. 1934-ல் முடிந்த மேட்டூர் அணையும் 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையும் இவ்வழியை மறித்தன.

வெடியும் விஷமும் பருவம் பாராமல் யாவற்றையும் கொல்லும். 1897-ம் ஆண்டின் மீன்வளச் சட்டமே இவற்றைக் குற்றமாக்கியது.

குஞ்சு விட்டால் மீன் பெருகுமென்று எண்ணி எக்குஞ்சையும் ஆற்றில் விடலாகாது. 1970-களுக்குப் பின் வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகாசீர் காவிரியில் பெருகியது; அதே காலத்தில் திமில் மகாசீர் அருகிப்போயிற்று.

ஆற்றோரத்துச் சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. மழைக்காலத்தில் கூழாங்கல் துறைகளைக் கலைக்காதிருக்கச் செய்தல். சிறுகண் வலையை விலக்குதல். வலையில் அகப்பட்ட திமில் மகாசீரை உயிருடன் ஆற்றிலேயே விட்டு, கண்ட இடம், மாதம், பருவம் ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்தில் எழுதிவைத்தல். அவ்வாறு எழுதிவந்தால், எப்பருவத்து மீன் எத்துறையில் குறைகிறதென்பதும், அங்கே தடுக்கவேண்டிய கேடு எதுவென்பதும் சங்கத்தாருக்கே புலனாகும்.