அட்வான்ஸ் கொடுத்தீர்களா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக் கடைகளில் கல்யாண சீசனில் கேட்கும் பேச்சு இது: "இது வேண்டாம், கண்ணாடி வைத்த நீல பீரோதான் வேண்டும்."

"வரவழைத்துத் தருகிறேன், அம்மா. அட்வான்ஸ் கொடுங்கள்."

பணம் கை மாறுகிறது. ரசீது?

இங்கேதான் பில் போடுபவரின் சாமர்த்தியம் இருக்கிறது. முன்பணம் விற்பனை ஆகாது. கம்ப்யூட்டரில் அதை விற்பனையாகப் பதிந்தால், வராத பீரோ இருப்பிலிருந்து கழிந்துவிடும், கணக்கு உதைக்கும்! ஆகவே, அதற்குத் தனி ரசீது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு உடனே வரி கட்டவேண்டும் என்ற நிபந்தனை, அந்த நவம்பரிலேயே பெரும்பாலான வியாபாரிகளுக்கு நீங்கியது. பொருளைக் கொடுத்து பில் போடும்போது வரி செலுத்தினால் போதும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன? நிறம், அளவு, மொத்த விலை, கொடுத்தது, பாக்கி, தரும் தேதி - ஆறும் ரசீதில் இருக்கட்டும். முகூர்த்தம் பீரோவுக்காகக் காத்திருக்காதே! தேதி தவறி, பணமும் திரும்பாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம்.

இன்னொன்று: மெஷின் ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அன்றே செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.