பல்லைக் கடித்துக் கொள்ளாதீர்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாத சுவாமி. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்று வலியோடு இங்கே வந்து வழிபட்டுக் குணமடைந்தார் என்று சொல்வார்கள். ராஜாவுக்கு வலி என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் குடும்பப் பெண்ணுக்குத் தாடையில் வலி என்றால், அடுத்த அறையில் பேப்பர் படிக்கும் கணவருக்குக்கூடத் தெரிவதில்லை!

சகோதரிகளே, காலையில் எழுந்ததும் கன்னம் கனக்கிறதா? வாயைத் திறந்தால் காதோரம் 'டக்'கென்று சத்தம் கேட்கிறதா? கொட்டாவி விடவே பயமாக இருக்கிறதா? காது டாக்டர் பார்த்துவிட்டு, "காதில் ஒன்றுமில்லையே அம்மா" என்கிறார். பல்வலி என்று நினைத்து, நல்ல பல்லையே பிடுங்கிக் கொண்டவர்களும் உண்டு. பல் போயிற்று, வலி போகவில்லை. ஏனென்றால் வலி இருப்பது தாடை மூட்டிலும் அதை அசைக்கும் தசைகளிலும்தான்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே அசைவதுதான் அந்த மூட்டு. அது கதவின் கீலைப் போலத் திரும்பவும் வேண்டும். மேஜையின் இழுப்பறையைப் போல முன்னே நழுவவும் வேண்டும். இரு எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது இடம் விலகித் திரும்பும்போதுதான் 'டக்' என்கிறது. வலியில்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் கவலை வேண்டாம்.

இந்த மூட்டுக் கோளாறு காது உபாதையாகத் தோன்றக்கூடும் என்று 1934-ல் எடுத்துச் சொன்னவர் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது வைத்தியர். அவர் கூறிய காரணங்கள் பல பின்னால் அடிபட்டுப் போயின. ஆனால் காதில் தெரியும் வலி தாடையிலிருந்து வரலாம் என்ற உண்மை மட்டும் நிலைத்துவிட்டது.

ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் வாட்டுகிறது. அடிபடுதல், மூட்டுவாதம், நகம் கடித்தல் என்று காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது பல்லை இறுக்குவது. கஷ்டம் வந்தால், "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக் கொள்" என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களல்லவா? நம்மில் பலர் அதை அப்படியே செய்துவிடுகிறோம்! பகலில் சொல்லாமல் விழுங்கிய கவலையை இரவில் பல் நறநறவென்று சொல்கிறது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். ஆனால் கட்டுப் போட்டு இந்த மூட்டுக்கு ஓய்வு தர முடியாது; பேச வேண்டும், சாப்பிட வேண்டும். ஆகவே ஓய்வை நாம்தான் பழக வேண்டும். உதடுகள் சேர்ந்திருக்கட்டும்; பற்கள் விலகியிருக்கட்டும்; நாக்கு மேலண்ணத்தில் மெல்லப் படிந்திருக்கட்டும். அடுப்படியில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் பத்து, பதினைந்து நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். சாத்தூர்க் காராச்சேவு, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டையும் சில வாரங்கள் ஒதுக்கி வையுங்கள். இட்லி, குழைந்த சாதம், கீரை மசியல் நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குத் தடையில்லை, சர்க்கரை வியாதி இல்லாவிட்டால்!

பெரும்பாலோருக்கு இவ்வளவிலேயே வலி தணிந்துவிடும். தணியாவிட்டால் பல் டாக்டரைப் பாருங்கள். தேவையென்றால் அவர் வாய், முக அறுவை நிபுணரிடம் அனுப்புவார். தாடைப் பயிற்சி, கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை, சிலருக்கு இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, இவைதான் வழக்கமான சிகிச்சை. நாள்பட்ட தாடை வலிக்கு 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதலும், பயிற்சிக்கும் மனத்தை இளக்கும் சிகிச்சைக்குமே முதலிடம் தந்தது. மூட்டுத் தட்டை அறுத்தெடுப்பதை வேண்டாம் என்றது. ஆகையால் எடுத்த எடுப்பில் பல்லை ராவுவதற்கோ, பிடுங்குவதற்கோ, ஆபரேஷனுக்கோ சம்மதித்துவிட வேண்டாம். இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

சில வலிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. மாடிப்படி ஏறும்போது தாடையில் வலித்து, மார்பு இறுகி, வியர்த்தால் அது இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி கண்டு, மெல்லும்போது தாடை வலித்து, பார்வை மங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய் திறந்தபடியே நின்றுவிட்டாலும் அப்படித்தான். பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்குக் காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பதும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு வியாதி, புற்றுநோயில் முடியக்கூடியது. பாக்கை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து, வலிக்கிறது என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்வதுதான். வைத்தியநாதரிடம் வேண்டிக் கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வேண்டும்போதும் பல்லை மட்டும் கடித்துக் கொள்ளாதீர்கள்!