முதுமை வேறு, நோய் வேறு

தருமபுரி ஜில்லாவின் கிராமங்களில், திண்ணையில் கூனி அமர்ந்திருக்கும் பெரியவரைக் குறித்து விசாரித்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லில் பிரியம் இல்லாமல் இல்லை. எனினும், காலகதியில் சரீரத்துக்கு இயல்பாக நேரும் மாறுதலையும், பரிகாரம் தேட வேண்டிய வியாதியையும் அது ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அவ்விரண்டையும் பிரித்தறிவதே முதியோருக்குச் செய்யும் சிசுருஷையின் முதற்பாடம்.

இந்த ஜில்லாவிலேயே அதற்குத் தக்க திருஷ்டாந்தம் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாதென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு; பாறைகளிலிருந்து கரைந்த அந்த உப்பு, இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் அவ்வரம்பைக் கடந்திருந்தது. அந்நீரைப் பல்லாண்டுகள் பருகியவர்களுக்கு எலும்பும் மூட்டுகளும் இறுகி, கழுத்தும் முதுகும் விறைத்துப்போன துன்பத்தை, மூப்பின் கூனென்றே எண்ணுவது எளிது. 2013-இல் ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை வீதிகளுக்குக் கொண்டுவந்து இளைய தலைமுறைக்கு அரணாயிற்று. ஆனால், முன்னரே இறுகிவிட்ட எலும்பு இளகுவதில்லையாதலால், அம்முதியவர்களைக் கைபிடித்து இழுத்துத் தூக்காமல், தோளையும் இடுப்பையும் தாங்கி, நிதானமாக எழுப்ப வேண்டும்.

இனி, இயற்கையாகவே வரும் மாறுதல்களைப் பார்ப்போம். கண்ணின் மணி சுருங்கி, உள்ளிருக்கும் வில்லை மஞ்சளிப்பதால், முதியவருக்கு அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது. இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் இடறி விழும் ஆபத்து குறையும். காது முதலில் இழப்பது உச்சஸ்தாயி ஒலிகளை. ஆகையால் கூச்சலிடுவது பயன்படாது. எதிரே அமர்ந்து, முகம் தெரிய, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேசினால் விளங்கும். தாக உணர்ச்சி மங்கிவிடுவதால், கேட்கும்வரை காத்திராமல், மருத்துவர் தடை விதித்திராத பட்சத்தில், கேழ்வரகுக் கூழோ மோரோ அவ்வப்போது கொடுக்க வேண்டும். தோல் மெலிந்து எளிதில் புண்ணாகுமாதலால், படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அவசியம். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும்.

புத்தியின் விஷயத்தில்தான் பெரும் பிழை நேர்கிறது. பெயர்கள் தாமதித்து நினைவுக்கு வருவதும், புதியதைக் கற்க அதிக நேரம் பிடிப்பதும் மூப்பின் சுபாவம். அனுபவ ஞானமும் சொல்வளமும் அநேகமாகக் குறைவதில்லை. ஆனால் நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனப் பிதற்றினால் அது முதுமையல்ல. சிறுநீரில் தொற்றோ, நீர் வற்றியதோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ காரணமாக இருக்கலாம். முதியவருக்குத் தொற்று கண்டும் காய்ச்சல் தெரியாமலிருக்கக் கூடுமாதலால், உடம்பு சுடவில்லையென்று வாளாவிராமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

2004 வரை தருமபுரியோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்று வீடுதோறும் மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் கொண்டுவருகிறது. வாசலுக்கு வரும் அந்தச் சுகாதார ஊழியரிடம், "வயசாச்சு" என்று சுருக்கிச் சொல்லிவிடாமல், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கண்ட மாறுதல் எந்த நாளில், எவ்விதம் தொடங்கிற்று என்று விவரமாகச் சொல்லுங்கள்; சிகிச்சை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.