ஒரே விலை, வேறு பிரீமியம்

அக்கா மகன் முதல் கார் வாங்கப் போகிறான். இரண்டு மாடல்களில் மனசு நிற்கிறது. "ரெண்டுமே பத்து லட்சம்தான் மாமா, இன்சூரன்ஸ் மட்டும் ஏன் வேற வேற சொல்றாங்க?" என்றான். டீக்கடை பெஞ்சில் அவனுக்குச் சொன்னதுதான் இது.

பாலிசி ஒன்றுதான், உள்ளே கணக்கு இரண்டு. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி தொகையை அரசே நிர்ணயிக்கிறது. அதில் இன்ஜின் அளவை மட்டும் பார்ப்பார்கள்: 1,000 சிசி வரை, 1,500 வரை, அதற்கு மேல். எந்த கம்பெனி கார் என்ற பேச்சே இல்லை. நம் வண்டி அடிபட்டால் நமக்குக் கிடைக்கும் ஓன் டேமேஜ் பகுதியில்தான் மாடல் வந்து நிற்கும்.

2007-க்கு முன்பு இதற்கும் நாடு முழுக்க ஒரே அட்டவணை இருந்தது. வண்டியின் மதிப்பு, அதாவது ஐடிவி, அதில் இத்தனை சதவீதம் என்று. சென்னையில் ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட காருக்கு, 1,000 சிசி வரை 3.127, 1,500 வரை 3.283. ஐடிவி ஒன்பதரை லட்சம் என்றால் சின்ன இன்ஜினுக்கு 29,707 ரூபாய், பெரியதற்கு 31,189. அட்டவணையின் பிடி தளர்ந்த பிறகு, எந்த மாடல் எத்தனை கிளெய்ம் கொண்டுவருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகிறது என்று கம்பெனிகளே பார்த்துத் தள்ளுபடியைக் கூட்டிக் குறைக்கின்றன. ஒரே விலைக் கார்கள் பிரிவது அங்கேதான்.

எதிரே நின்ற காரின் முன்பக்கத்தைக் காட்டினேன். பழைய ஹெட்லைட்டில் பல்பு போனால் பல்பை மாற்றினால் போதும். இந்த எல்இடி லைட் பெரும்பாலும் ஒரே கட்டாக வருகிறது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்தாலே முழு செட்டையும் மாற்று என்பார்கள். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றியதும் கேமராவைத் திரும்பச் சரிபார்த்து அமைக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி. தகரம் நசுங்கினால் டிங்கரிங் செய்து நிமிர்த்தலாம், சென்சாரை நிமிர்த்த முடியாது. அதனால் ஒரே மாடலிலும் டாப் வேரியன்ட்டுக்குப் பிரீமியம் ஏறும். நிறைய ஓடும் மாடலுக்குப் பாகம் எங்கும் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். அபூர்வமான காருக்கு அந்த வசதி இல்லை.

"அப்ப கெட்டியான வண்டி வாங்கினா குறையுமா?"

அவசியமில்லை. ஆளைக் காப்பாற்றுவதற்காக முன்பகுதி நசுங்கும்படியே செய்கிறார்கள். உயிர் தப்பும், பில் ஏறும். அந்தச் செலவைப் பற்றி நான் வருத்தப்படவே மாட்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். சாதாரண பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்கு, வண்டி புதுசாக இருந்தாலும், தேய்மானமாகப் பாதியைப் பிடித்துவிடுவார்கள். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. பிளாஸ்டிக் அதிகமுள்ள மாடலில் அந்தப் பாதி நம் கையிலிருந்து போகும். அதைத் தவிர்க்கத்தான் ஜனங்கள் பம்பர் டு பம்பர் என்று சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன்.

"அதையும் சேர்த்து ரெண்டு மாடலுக்கும் கொட்டேஷன் கேளு, வேரியன்ட் பேரை முழுசாச் சொல்லு. சர்வீஸ் சென்டர்ல ஹெட்லைட்டும் முன் கண்ணாடியும் என்ன விலைன்னு விசாரி. அட்வான்ஸ் அப்புறம் கொடுக்கலாம்."

டீ ஆறிப்போயிருந்தது. அவன் போனை எடுத்து முதல் ஷோரூமைக் கூப்பிட்டான்.