தள்ளிவைப்பா, வெட்டா? அரசாணையைப் படித்துப் பாருங்கள்

வரி வசூல் படுத்துவிட்டால் அரசு முதலில் அறிவிப்பது விருந்து, கார், விமானப் பயணச் சிக்கனம். செய்திக்கு நன்றாக இருக்கும். கஜானாவுக்கு அது காணாது. மாநில வருவாயில் பெரும்பங்கு சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று போய்விடுகிறது. வட்டியில் கை வைக்க முடியாது. அப்புறம் யார் மடியில் கை வைப்பார்கள்?

2020 மார்ச் ஊரடங்கில் வசூல் நின்றதும் ஆந்திர அரசு ஓர் ஆணை போட்டது. பெரும்பாலான ஊழியர்களுக்கும் ஓய்வூதியதாரர்களுக்கும் அந்த மாதப் பணத்தில் பாதி மட்டும், மீதி 'தள்ளிவைப்பு'. 30,000 வர வேண்டிய பாஸ்புக்கில் 15,000 ஏறியது. மருந்துக் கடைக்காரர் பாதி விலைக்கு மாத்திரை தருவாரா?

ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வழக்குப் போட்டார். நிலுவையை 12 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது ஆந்திர உயர் நீதிமன்றம். வட்டி மட்டும் வேண்டாமே என்று அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு வட்டியை 6 சதவீதமாகக் குறைத்தது, ஆனால் விட்டுவிடவில்லை. செய்த வேலைக்குச் சம்பளம் உரிமை, ஓய்வூதியமும் அப்படியே. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவின்படி அது சொத்து. சட்டத்தின் துணையின்றிப் பறிக்க முடியாது.

'சட்டத்தின் துணையின்றி' என்பதில்தான் சூட்சுமம். கேரளத்தில் மாதம் 6 நாள் வீதம் 5 மாதம் சம்பளம் பிடிக்கும் ஆணைக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டே நாளில் அவசரச் சட்டம் வந்துவிட்டது. தெலங்கானாவும் அதே வழியில் போனது. வெறும் அரசாணை என்றால் எதிர்த்து நிற்கலாம். பின்னால் சட்டம் இருந்தால் வழக்கு கடினம்.

அகவிலைப்படி கதை வேறு. மத்திய அரசு 2020 ஜனவரி தொடங்கி 3 தவணை உயர்வுகளை நிறுத்தியது. 2021 ஜூலையில் படியை 28 சதவீதமாக உயர்த்தினாலும் இடைப்பட்ட 18 மாத நிலுவையைத் தரவில்லை. மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். இது தள்ளிவைப்பு அல்ல, வெட்டு. தமிழ்நாடும் படி உயர்வை நிறுத்தியது. ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து காசாக்குவதையும் நிறுத்தியது. ஓய்வு வயது 58-லிருந்து 59, பிறகு 60 ஆனதால் பணிக்கொடைச் செலவும் தள்ளிப்போனது. இடம் காலியாகாததால் அரசு வேலைக்குப் படித்துக் காத்திருந்த பிள்ளைகள் இன்னும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வழக்குப் போடக்கூட வழியில்லை.

உங்கள் பணம் குறைந்து வந்தால் முதலில் அரசாணை நகலைத் தேடி எடுங்கள். தள்ளிவைப்பா நிறுத்தமா, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று பாருங்கள். ஆணை கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். துறைக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. வட்டியையும் சேர்த்தே கேளுங்கள்.

அரசுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு பில்லுக்காக நடையாய் நடக்கும் பதிவு பெற்ற சிறு தொழில்காரருக்கும் வழி உண்டு. சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குமேல் இழுத்தடித்தால் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு கூட்டு வட்டி. மாநில வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். சரக்கு இறக்கிய தேதியோடு கையெழுத்து வாங்கிய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 45 நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.