எல்லைக்கு மதிலா, வேலியா?

காணிக்குத் திரும்பியதும் எல்லையை அடைக்க மனம் அவசரப்படும். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகும்வரை அங்கே குழி தோண்டாதீர்கள். பற்றைக்குள் கிடக்கும் பழைய முட்கம்பியையும் தொடாதீர்கள். அது கண்ணிவெடிப் பகுதியைச் சுற்றி அடித்த கம்பியாக இருக்கலாம்.

மதில் நீண்டகாலம் நிற்கும். ஆனால் கல்லும் சீமெந்தும் வீட்டுக்கான பணத்தை விழுங்கிவிடும். எல்லை பிழைத்தால் இடிக்கவும் நேரிடும். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை மாரி தொடங்கும்போது நட்டால் வேர்விட்டுத் தழைக்கும். குழை ஆட்டுக்குத் தீனியாகும். இடைவெளியைக் கிடுகாலோ பனையோலையாலோ அடைக்கலாம். அவற்றை மட்டும் இடைக்கிடை மாற்ற வேண்டிவரும்.

நடுவதற்கு முன் எல்லைக்கல்லை அயலவரோடு சேர்ந்து பாருங்கள். இணக்கம் இல்லையெனில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். நில அளவை முடிந்தபின் மதிலைப் பற்றி யோசிக்கலாம்.