படம் பார்த்துக் கருத்து எழுதுதல்

படம் பார்த்துக் கருத்து எழுதுதல் என்பது தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வில் 5 மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படும் வினா வகையாகும். கொடுக்கப்பட்ட படத்தைப் பற்றி மாணவர் தம் கருத்தை ஏறத்தாழ 5 வாக்கியங்களில் எழுத வேண்டும்.

மனப்பாடத்துக்கு இடம் தராத வினா இது. எனினும் எந்தப் படத்துக்கும் பொருந்தும் பொது வாக்கியங்களை வழிகாட்டி நூல்கள் தருகின்றன. மேலூர், உசிலம்பட்டி போன்ற மதுரை வட்டார ஊர்களில், வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் அரிதாகவே காதில் விழும் மாணவருக்குத் தேர்ச்சிக்கான 35 மதிப்பெண்ணை எட்ட அவை கைகொடுக்கும். கருத்து மட்டும் அவருடையதாக இருக்காது.

நாற்று நடும் படம் வந்தால், வயலில் இறங்கிப் பழகிய மாணவரிடம் சொல்ல நிறைய இருக்கும். யார் நடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வளவு என்று முதலில் தமிழில் கேட்டு, பதிலுக்கு வேண்டிய வினைச்சொற்களை மட்டும் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதித் தருவது வகுப்பில் இதைப் பழக்க எளிய வழி.